ஜிம்னியை உயர்த்திய பிறகு ஸ்டீயரிங் உதறுகிறது

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். வண்டி 2021 சுசுகி ஜிம்னி (சின்ன 4x4). மார்ச்சில் 2 அங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் போட்டேன். டயர் 215/75 ஆர்15. காராக் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிப் பாலத்து இணைப்பில் ஏறினால் போதும், ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் உதறுகிறது. 50க்கு இறங்கினால்தான் நிற்கும். போன வாரம் பின்சீட்டில் அம்மா இருந்தார். அதிலிருந்து நெடுஞ்சாலைக்கு எடுக்கவே இல்லை.

வீல் பேலன்சிங் இரண்டு தடவை, அலைன்மென்ட் ஒரு தடவை செய்தாயிற்று. ஸ்டீயரிங் டேம்பர் (உதறலை அடக்கும் ஷாக்) புதிது. ஒரு வாரம் அடங்கியது, அப்புறம் பழையபடி. டேம்பர் நோயை மறைக்குமே தவிர தீர்க்காது. முன் அச்சு ஒரு பக்கம் தள்ளியிருந்ததால் நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) போட்டு நடுவுக்குக் கொண்டுவந்தோம். காஸ்டர் கோணத்தை (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாயும் அளவு) மட்டும் யாரும் தொடவில்லை.

நேற்று முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். இடது பக்கம் சின்னதாக ஒரு 'டக்'. தம்பியைப் பிரேக் மிதிக்கச் சொல்லி ஆட்டினாலும் அதே 'டக்', அதனால் வீல் பேரிங் இல்லை என்று நினைக்கிறேன். நக்கிள் (சக்கரத்தோடு திரும்பும் மூட்டு) ஓரத்தில் கிரீஸ் கசிவும் இருக்கிறது.

தினமும் வேலைக்கு, மாதம் ஒரு தடவை உலு லங்காட் சேற்றுக்கு. இப்போதைக்கு ஒரே வேலைக்குத்தான் காசு இருக்கிறது: முதலில் கிங்பின் பேரிங்கை (நக்கிள் திரும்ப உதவும் பேரிங்) மாற்றவா, காஸ்டரைச் சரிசெய்யும் புஷ் போடவா?