முதல் மெக்கானிக்கல் கீபோர்டு: 3,000 ரூபாய்க்குள், தமிழ் 99 தட்டச்சுக்கு எது பொருந்தும்?

வைகைக்கரை:

வணக்கம். மதுரையில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். தட்டச்சு முழுவதும் தமிழ் 99 முறையில்தான். கணினியோடு வந்த சாதாரண கீபோர்டு தேய்ந்துவிட்டது. எஃப் விசை, அதாவது நம்முடைய புள்ளி, மெதுவாகத் தட்டினால் பதிவதே இல்லை. 'மரம்' என்று அடித்தால் 'மரம' என்று நிற்கிறது. அதையாவது கண்ணால் பிடித்துவிடலாம். ஓ விசையில் இருக்கும் 'ட' இரண்டாவது தட்டலை விழுங்கிவிடுகிறது. 'பட்டம்' என்று அடித்தது 'படம்' ஆகிவிடுகிறது. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தி மென்பொருளும் கண்டுகொள்வதில்லை. அச்சுக்குப் போகும் பக்கத்தில் இப்படி ஒன்று நுழைந்துவிடுமோ என்ற பயத்தில், எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். 3,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும், மிகவும் அவசியமென்றால் இன்னும் ஒரு ஐந்நூறு. வேலை பெரும்பாலும் இரவில்தான். அதே அறையில் அம்மா தூங்குவார், ஆகவே சத்தம் முக்கியம். இணையக் கடையில் 1,200 ரூபாய்க்கு 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று ஒன்றையும், வண்ண விளக்குகளோடு 61 விசைகள் கொண்ட சிறிய வயர்லெஸ் ஒன்றையும் பார்த்துவைத்திருக்கிறேன். சிவப்பு, நீலம், பழுப்பு என்று ஏதேதோ போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது?

ஈரோடு டிடிபி:

வணக்கம் சகோதரி. முதலில் அந்த 1,200 ரூபாய்ச் சரக்கை விட்டுவிடுங்கள். 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று எழுதியிருந்தால் அது மெக்கானிக்கல் இல்லை என்று பொருள். மேலே விசைகளை உயரமாக வைத்து, உள்ளே நீங்கள் இப்போது வைத்திருக்கும் அதே ரப்பர் தகட்டைத்தான் போட்டிருப்பார்கள். உங்கள் புள்ளி பதியாததற்குக் காரணமே அந்த ரப்பர் தளர்ந்துபோனதுதான். மெக்கானிக்கல் என்றால் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஸ்பிரிங்கும் உலோகத் தொடுமுனைகளும் கொண்ட தனி சுவிட்ச் இருக்கும். ஒன்று கெட்டால் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். செர்ரி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்ச்களிலிருந்து வந்த பழக்கம் அது. சிவப்பு தடையின்றி நேராக இறங்கும். பழுப்பில் பாதி வழியில் விரலுக்கு ஒரு சிறு மேடு தெரியும். நீலத்தில் அந்த மேட்டோடு 'கிளிக்' என்ற சத்தமும் சேர்ந்து வரும். செர்ரியின் காப்புரிமை காலாவதியான பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்களும் அதே அமைப்பில் செய்கின்றன. உங்கள் விலைக்கு வருவது பெரும்பாலும் அவைதான். அதில் குறையொன்றும் இல்லை.

அம்மா தூங்கும் அறையில் நீலம் கூடவே கூடாது. நான் பழுப்பைச் சொல்வேன். தட்டச்சுப் பயிலகத்தில் டைப்ரைட்டரில் பழகி முதுநிலைத் தேர்வு எழுதியவன் நான். விசை பதிந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிந்தால்தான் கை தானாக அடுத்த எழுத்துக்குப் போகும்.

நிரலன்:

61 விசைப் பலகையைப் பற்றி யாராவது சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு அது போதும். தமிழ் 99 எழுதுகிறவருக்கு அது பெரிய தொல்லை.

காரணம் இதுதான். நம் அமைப்பில் இடது கையில் உயிர், வலது கையில் மெய். ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகளுக்கு ஒதுங்கிக் கிடக்கிற வலது ஓரத்து விசைகள் எல்லாம் நமக்கு எழுத்துகள். அரைப்புள்ளி விசை 'ந', மேற்கோள் விசை 'ய', சதுர அடைப்புக்குறிகள் 'ச', 'ஞ', சாய்கோடு 'ழ'. சிறிய பலகைகள் முதலில் கைவைப்பது இந்த ஓரத்தில்தான். 61 விசைகளில் அம்புக்குறிகளுக்குத் தனி இடம் கிடையாது. சில தயாரிப்புகளில் மேல் அம்பைச் சாய்கோட்டு விசையிலேயே ஏற்றிவைத்து, அதையே முதல் வேலையாகவும் ஆக்கியிருப்பார்கள். அப்படிப்பட்டதில் 'தமிழ்' என்று எழுதப் போனால் 'ழ' விழாமல் கர்சர் மேல் வரிக்குத் தாவும். அல்லது ஒவ்வொரு 'ழ'வுக்கும் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

65 சதவீதம் என்று விற்கப்படும், இதைவிடச் சற்றே பெரிய பலகைகளில் அம்புக்குறிகள் இருக்கும். ஆனால் அவற்றுக்கு இடம் தர வலது ஷிஃப்டைக் குறுக்கிவிடுவார்கள். ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் இடது கையின் மேல் வரிசையில் ஷிஃப்டோடு வருபவை. முறையாகப் பழகியவர் இவற்றுக்கு வலது ஷிஃப்டைத்தான் அழுத்துவார். அது குட்டையாக இருந்தால் சுண்டுவிரல் தடுமாறும்.

மெய்ப்புத் திருத்தத்துக்கு ஹோம், எண்ட், டெலீட் விசைகளும் நாள் முழுவதும் வேண்டும். எனவே 87 விசைகள் கொண்ட டிகேஎல் வாங்குங்கள். முழு கீபோர்டில் வலப்பக்க எண் பகுதியை மட்டும் எடுத்துவிட்ட வடிவம் அது. எழுத்துப் பகுதியில் எதுவும் குறைந்திருக்காது. வயர்லெஸும் வேண்டாம். மேசையை விட்டு நகராத கீபோர்டில் பேட்டரிக்கும் புளூடூத்துக்கும் கொடுக்கிற பணம் சுவிட்சிலிருந்து பிடுங்கிய பணம்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. 'ழ' விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிரலன் சொன்னதுபோலவே சாய்கோட்டில் அம்பு இருக்கிறது. அதைக் கைவிட்டேன்.

சிவப்பா பழுப்பா என்பதுதான் மீதி. ஈரோடு அண்ணா, நான் டைப்ரைட்டரில் பழகவில்லை, நேராகக் கணினியில்தான். இன்னொரு கேள்வி. மெக்கானிக்கல் கீபோர்டில் ஒரு தடவை தட்டினால் எழுத்து இரண்டு தடவை விழும் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

சாலிடர்:

உண்மைதான் அக்கா. தமிழ் 99 பயன்படுத்துகிறவர்கள் மற்ற எல்லோரையும்விட அதிகம் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். கோவையில் ஓய்வு நேரத்தில் கீபோர்டு பழுது பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது ஒரே அடியில் ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லி விநாடிகளுக்குத் தொட்டும் விலகியும் அதிரும். கீபோர்டின் உள்ளே இருக்கும் நிரல் அந்த அதிர்வு அடங்கும்வரை பொறுத்து, எல்லாவற்றையும் ஒரே தட்டலாக எடுத்துக்கொள்ளும். இந்தக் காத்திருப்புக்கு டிபவுன்ஸ் என்று பெயர். க்யூஎம்கே என்ற திறமூல நிரலில் இயல்பாக 5 மில்லி விநாடி வைத்திருக்கிறார்கள். தகட்டில் தூசு சேர்ந்தாலோ சுவிட்ச் தரமற்றதாக இருந்தாலோ அதிர்வு அந்த அளவைத் தாண்டும். அப்போது ஒரு தட்டல் இரண்டாகப் பதியும்.

ஆங்கிலத்தில் இது நடந்தால் ஒரே எழுத்து இரட்டித்து நின்று உடனே கண்ணில் படும். தமிழ் 99 என்ன செய்கிறது? ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைத்துவிடுகிறது. நமக்கு வசதிக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் 'ட' விசை அதிர்ந்தால் 'படம்' சத்தமில்லாமல் 'பட்டம்' ஆகும். 'பாடு' 'பாட்டு' ஆகும், 'எடு' 'எட்டு' ஆகும், 'விடு' 'விட்டு' ஆகும். உங்கள் பழைய கீபோர்டு செய்வதற்கு நேர் எதிர்த் திசையில் அதே வகைப் பிழை.

விண்டோஸில் 'ஃபில்டர் கீஸ்' என்ற பகுதியில், மறுமுறை விழும் தட்டலைப் புறக்கணிக்க ஒரு வழி இருக்கிறது. யாராவது அதைச் சொன்னால் கேட்காதீர்கள். அதன் மிகக் குறைந்த அளவே அரை விநாடி. நீங்கள் வேண்டுமென்றே அடிக்கும் 'க்க', 'ட்ட' எல்லாம் அதில் அடிபட்டுப்போகும். கீபோர்டோடு வரும் மென்பொருளில் டிபவுன்ஸ் அளவை மாற்ற முடிந்தால் 10 மில்லி விநாடிக்கு உயர்த்தலாம். எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் ஒரே விரலின் இரண்டு தட்டல்களுக்கு இடையே அதைப் போலப் பல மடங்கு நேரம் இருக்கும்.

ஆகவே என் அறிவுரை: ஹாட் ஸ்வாப் வசதி உள்ளதாக வாங்குங்கள். சுவிட்சைப் பற்றவைப்பு இல்லாமல் கையால் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விலை குறைந்த சிலவற்றில் துளை சிறிதாக இருக்கும், கால் மெலிந்த அவுட்டெமு சுவிட்ச் மட்டுமே போகும். கேட்டரானோ கைலோ அதில் ஏறாது. விவரக் குறிப்பில் அதையும் பாருங்கள். 87 விசையில் ரெட்ராகன் கே552, கீக்ரான் சி3 ப்ரோ இரண்டும் உங்கள் விலையிலோ அதற்குச் சற்று மேலோ தள்ளுபடிக் காலங்களில் கிடைக்கும். சி3 ப்ரோவில் க்யூஎம்கே உண்டு. ஒரே பெயரில் சுவிட்ச் கழற்ற முடிந்ததும் முடியாததும் விற்கிறார்கள், எனவே பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்ட வேண்டாம்.

நிறத்தில் நான் ஈரோடு அண்ணனோடு உடன்படவில்லை. ரப்பர் கீபோர்டிலிருந்து வருகிறவர்கள் எப்படியும் அடிவரை அழுத்துவார்கள். அங்கே பழுப்பின் மேடு அவ்வளவாகத் தெரியாது, சத்தமும் சிவப்பைவிட ஒரு நூல் கூட. செர்ரி சிவப்பு 2 மில்லிமீட்டர் இறங்கியதும் 45 கிராம் அழுத்தத்திலேயே பதிந்துவிடும், மொத்தப் பயணம் 4 மில்லிமீட்டர். மற்ற நிறுவனங்களின் சிவப்பும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஈரோடு டிடிபி:

தம்பி சொல்வது உங்கள் விஷயத்தில் சரிதான். டைப்ரைட்டர் கைக்கும் கணினிக் கைக்கும் வேறுபாடு உண்டு. சிவப்பையே எடுங்கள் சகோதரி. கீழே ஒரு தடித்த துணிவிரிப்பைப் போடுங்கள். பாதிச் சத்தம் மேசைப் பலகை அதிர்வதால்தான் வருகிறது. இந்தக் கீபோர்டுகள் உயரமானவை என்பதால் மணிக்கட்டுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். விசைமூடி பிபிடி பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. ஏபிஎஸ் என்றால் நாளடைவில் விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய் தடவியதுபோல மின்னும். அது பார்வைக்குத்தான், வேலைக்கு ஒன்றும் கெடாது.

வைகைக்கரை:

வாங்கிவிட்டேன். 87 விசை, கம்பி இணைப்பு, சிவப்பு, ஹாட் ஸ்வாப். புள்ளிக்கு இனி விரலை ஊன்றத் தேவையில்லை, பட்டதும் விழுகிறது. துணிவிரிப்பு போட்ட பிறகு அம்மா புரண்டுகூடப் படுக்கவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். 'ந' மட்டும் அவ்வப்போது 'ந்ந' என்று விழுகிறது. 'மாநிலம்' 'மாந்நிலம்' ஆகிறது. திருப்பி அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது. அனுப்பிவிடவா?

சாலிடர்:

அவசரப்படாதீர்கள் அக்கா. கோளாறு சுவிட்சிலா பலகையிலா என்று முதலில் பார்த்துவிடலாம். கம்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியில் வந்த இடுக்கியால் 'ந' விசையின் சுவிட்சையும், யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக்கின் சுவிட்சையும் நேராக மேலே இழுத்து எடுங்கள். இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். செருகும் முன் செம்புக் கால்கள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வளைந்திருந்தால் நகத்தாலேயே நிமிர்த்தலாம். பிறகு ஒரு பக்கம் முழுக்க 'ந' என்று இடைவெளி விட்டு அடியுங்கள். 'ந்ந' வரவில்லை என்றால் சுவிட்ச்தான் குற்றவாளி. இடம் மாற்றிய பின்னும் அங்கேயே வந்தால் பலகையில் கோளாறு, மறுயோசனை இல்லாமல் திருப்பி அனுப்புங்கள். எப்படியிருந்தாலும் கெடு முடிவதற்குள் எல்லா மெய்களையும் இதேபோல அடித்துப் பார்த்துவிடுங்கள்.

வைகைக்கரை:

மாற்றினேன். 'ந' சரியாகிவிட்டது. மற்ற மெய்களையும் வரிசையாக அடித்துப் பார்த்தேன், எதுவும் இரட்டிக்கவில்லை. கீபோர்டை வைத்துக்கொள்கிறேன். கெட்ட சுவிட்ச் இப்போது ஸ்க்ரோல் லாக்கில் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த மாதம் சத்தமில்லாத சுவிட்ச் ஒரு பெட்டி வாங்கலாம் என்று இருக்கிறேன். பார்ப்பவை எல்லாம் 5 முனை என்று இருக்கின்றன. என் பலகை 3 முனை. பொருந்துமா?

சாலிடர்:

பொருந்தும். மின்சாரத்துக்கு இரண்டு செம்புக் கால்களும், நிலையாக உட்கார நடுவில் ஒரு பிளாஸ்டிக் தண்டும்தான் வேண்டும், அதுதான் 3. மீதி இரண்டும் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிற சிறு பிளாஸ்டிக் கால்கள். நகவெட்டியால் அவற்றை அடியோடு நறுக்கிவிட்டுச் செருகலாம். செம்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அவுட்டெமுவில் சைலண்ட் பீச், சைலண்ட் லைம் என்று இரண்டு உண்டு. பீச் உங்கள் சிவப்பைப் போல நேராக இறங்கும், லைமில் மேடு இருக்கும். முதலில் பத்து மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்கி, அதிகம் அடிபடும் அ, இ, உ, புள்ளி, க, ப, ம, த விசைகளில் போட்டுப் பாருங்கள். அடியில் ரப்பர் இருப்பதால் சிலருக்கு அது களிமண்ணில் குத்துவதுபோலத் தோன்றும். கைக்குப் பிடித்தால் மீதியை வாங்கிக்கொள்ளலாம்.