மறு: மலச்சோதனைக்குத் தமிழ்ப்பெயர்

> "மல நோயெதிர்ப்பு வேதியியல் சோதனை" என்று வைக்கலாமா? மூலப் பெயரில் உள்ள எல்லாம் வந்துவிடுகிறது.

வந்துவிடுகிறது, அதுதான் சிக்கல். ஆங்கிலத்தில் faecal immunochemical test (FIT) எனப்படும் இந்தச் சோதனையில், மலத்தில் மனித ஹீமோகுளோபின் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிறபொருளெதிரிகளைக் (antibodies) கொண்டு பார்க்கிறார்கள், அவ்வளவே. இந்தப் பெயரைக் கேட்கும் நோயாளி தன் எதிர்ப்புச் சக்தியைச் சோதிப்பதாக நினைத்துக்கொள்வார். ஆய்வகக் கையேட்டில் வேண்டுமானால் இருக்கட்டும்.

> அப்படியானால் "மறைகுருதிச் சோதனை" போதுமே, பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான், ஆனால் அது பழைய சோதனைக்கு உரியது. குவாயக் என்ற மரப்பிசின் தடவிய அட்டையில் செய்யும் அந்தச் சோதனை, ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் ஹீம் என்ற பகுதியின் வேதிவினையைப் பார்க்கிறது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியில் உள்ள ஹீமும் அட்டையை நீலமாக்கிவிடும். அதனால்தான் அதற்குப் பத்தியம் சொல்வார்கள். புதிய சோதனை மனித ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபினை மட்டுமே பிடிக்கும், பத்தியம் தேவையில்லை. இரைப்பைப் பக்கம் கசியும் குருதியின் குளோபின் வழியிலேயே பெரும்பாலும் செரித்துவிடுவதால், இது முக்கியமாகப் பெருங்குடலைப் பற்றித்தான் பேசும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வீணாகப் பத்தியம் இருக்கச் சொல்லும் ஆட்கள் வருவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2023இல் தந்த வழிகாட்டுதல்படி, மலம் கழிக்கும் வழக்கம் மாறியவர், இரும்புச்சத்துக் குறைவால் சோகை வந்தவர், 50 வயதோ அதற்கு மேலோ ஆகி ஆசனவாயில் ரத்தம் போவதைப் பார்த்தவர் ஆகியோருக்கு முதலில் இந்தச் சோதனைதான். கண்ணால் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் "மறைகுருதி" பார்க்கலாம் என்றால் என்ன நினைப்பார்? (மலக்குடலில் கட்டியோ ஆசனவாயில் புண்ணோ தட்டுப்பட்டால் இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, நேரே மேல்சோதனைக்கு அனுப்பிவிடலாம்.)

என் பரிந்துரை: மலக்குருதி அளவீடு. "அளவீடு" என்பதை விட்டுவிடாதீர்கள், முடிவே அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஒரு கிராம் மலத்தில் 10 மைக்ரோகிராம் ஹீமோகுளோபினோ அதற்கு மேலோ இருந்தால், புற்றுநோய் ஐயத்துடன் விரைந்து மேல்சோதனைக்கு அனுப்புகிறார்கள். அறிகுறியே இல்லாதவர்களுக்கு வீட்டுக்கு அனுப்பும் பொதுப் பரிசோதனைக்கு 2019இல் இதே இங்கிலாந்து வைத்த வரம்பு 120. பொருள் ஒன்று, கேள்வி வேறு. "உண்டு, இல்லை" என்று மட்டும் சொல்லும் பெயர் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

> 10 என்பதற்கு "வெட்டுப்புள்ளி" (cut-off)?

புற்றுநோய் பயத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் வெட்டைப் பற்றிப் பேச வேண்டாமே! "வரம்பு" போதும்.

அப்புறம், முடிவுகளுக்கு நேர்மறை, எதிர்மறை இரண்டும் கூடாது. "நேர்மறை" என்றால் நம் ஆட்கள் நல்ல செய்தி என்று கிளம்பிவிடுவார்கள். "வரம்புக்குக் கீழ்", "வரம்பை எட்டியது" என்றே எழுதுவோம். வரம்பை எட்டினாலும் காரணம் மூலநோயாகவோ குடல் அழற்சியாகவோ இருக்கலாம். கீழே இருந்தாலும் புற்றுநோய் அறவே இல்லை என்று ஆகாது, அறிகுறி தொடர்ந்தால் மருத்துவர் மறுபடி பார்க்கத்தான் வேண்டும்.

குருதியா இரத்தமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. படிவத்தில் குருதி, பேச்சில் ரத்தம், இரண்டும் சரி. ஆனால் "குடற்புற்றுச் சோதனை" என்று யாரோ முன்மொழிந்திருந்தார்கள், அதை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கேட்கிறேன்.