வட்டுவாகல் பாலம்: கடந்து வந்தவர்கள் சொன்னவை

முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வீதியில் புறப்பட்டால் கொஞ்ச நேரத்திலேயே வட்டுவாகல் பாலம் வந்துவிடும். இடப்பக்கம் நந்திக்கடல் களப்பு, வலப்பக்கம் பெருங்கடல். பாலம் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து கிடக்கும். மாரியில் களப்பு பெருகினால் அதன் மேலாகவே வெள்ளம் ஓடும். ஒரு வாகனம் போகத்தான் அகலம். எதிரே பஸ் வந்தால் இந்தக் கரையில் நின்று வழிவிட வேண்டும். பாலத்தைப் பற்றி நான் கேட்ட பல கதைகள் அப்படி நிற்கும் நேரத்தில் கேட்டவைதான். யாரும் கேட்காமலே பக்கத்து இருக்கைக்காரர் பேசத் தொடங்கிவிடுவார்.

என் கதையும் உண்டு. 2009 மே நடுப்பகுதியில், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் எஞ்சியிருந்த சனத்தில் பெரும்பகுதி இந்தப் பாலத்தால்தான் வெளியே வந்தது. நான் அப்போது பள்ளிப் பிள்ளை. அடையாள அட்டைகளையும் பிறப்புப் பத்திரங்களையும் அம்மா பொலித்தீனில் சுற்றி வயிற்றோடு கட்டியிருந்தார். அம்மம்மாவால் நடக்க முடியவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் அவரை ஒரு கதிரையில் இருத்தித் தூக்கி வந்தார்கள். அவர்களின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. பாலத்தில் நிற்க முடியாது. பின்னால் வரும் கூட்டம் தள்ளிக்கொண்டே இருந்தது. "தண்ணியைப் பாராத, முன்னால போறவற்ற முதுகைப் பார்" என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். பார்க்க வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. நான் பார்த்தேன். அதை இங்கே எழுதவில்லை.

பிறகொரு நாள் பஸ்ஸில் வந்த அக்கா ஒருவர், காயப்பட்ட கணவரைச் சைக்கிளில் ஏற்றி உருட்டியே பாலத்தடி வரை கொண்டுவந்த கதையைச் சொன்னார். அதற்கு மேல் சைக்கிளைக் கொண்டுபோக வழியில்லை. விட்டுவிட்டு அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடந்திருக்கிறார். மீள்குடியேற விட்டபோது அந்தச் சைக்கிளைத்தான் முதலில் தேடினாராம். வீதியோரமெல்லாம் எரிந்த வாகனங்களும் சைக்கிள்களும் மலையாகக் குவிந்து கிடந்த காலம் அது. கிடைக்கவில்லை. கணவர் உயிரோடு இருக்கிறார், கடையும் வைத்திருக்கிறார். ஆனாலும் சைக்கிள் கதையைச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் உடைந்தது.

அந்தச் சனம் ஏன் அவ்வளவு பிந்தி வந்தது என்று வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் அறிவித்த இடத்துக்குள்ளேயே பீரங்கிச் செல் விழுந்தது. வெளியேற முயன்றவர்களை விடுதலைப் புலிகள் இயக்கம் தடுத்தது, சுட்டும் இருக்கிறது. ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை இரண்டையும் சொல்கிறது. அங்கே இருந்த எங்களுக்கும் இரண்டும் தெரியும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் பாலத்தோடு கதை முடியவில்லை. அக்கரையில்தான் பதிவு, சோதனை, பஸ், அதன் பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமின் முள்வேலி. அங்கேதான் பல குடும்பங்கள் பிரிந்தன. மே 18 அன்று வட்டுவாகல் பகுதியில் இயக்கத்தில் இருந்த பலர் இராணுவத்திடம் சரணடைந்தார்கள். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பும் அவர்களோடு போனார். அன்று பஸ்களில் ஏற்றப்பட்டவர்களில் அவர் உட்படப் பலரை இன்றுவரை யாரும் காணவில்லை.

பாலத்தடியில் இறங்கிய ஓர் அம்மாவை எனக்கு மறக்க முடியாது. மகனின் படத்தை லமினேற் பண்ணிக் கைப்பைக்குள் வைத்திருந்தார். "காணாமப் போனவன் இல்லை தம்பி. நானே கையால குடுத்தனான்" என்றார். விசாரித்துவிட்டு விடுவதாக இராணுவம் சொன்னதை நம்பித்தான் கொடுத்திருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் உறவுகள் 2017 மார்ச்சில் முல்லைத்தீவில் தொடங்கிய தொடர் போராட்டத்திலும் இருந்தவர். அந்தப் பந்தலில் கூட இருந்த தாய்மார் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார்.

2025 செப்டம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதிய பாலத்துக்கான வேலையைத் தொடக்கி வைத்தார். எனக்கு அதில் முழுச் சம்மதம். மழைக்காலத்தில் அந்த உடைசல் பாலத்தால் அம்புலன்ஸ் போவதைப் பார்த்தவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பழைய பாலத்தில் ஒரு துண்டையாவது விட்டு வைக்க வேண்டும். 2009 மேயில் சனம் எந்த வழியால் வந்தது, எங்கே கையளிக்கப்பட்டது என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் எழுதிய பாலம் நிறைய இருக்கிறது. நடந்தது எழுதிய பாலம் ஒன்றாவது இருக்கட்டும்.

அந்த நாட்களில் கடந்து வந்தவர்கள் இதைப் படித்தால், எந்த நாள் வந்தீர்கள், அக்கரையில் யாரை எந்த இடத்தில் கடைசியாகக் கண்டீர்கள், எந்தப் பஸ்ஸில் ஏற்றினார்கள் என்று தெரிந்த அளவுக்கு எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் உடுப்பின் நிறத்தையாவது எழுதுங்கள். என்ன உடுப்போடு போனான் என்று அந்தத் தாய்மாருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.