‘வாட் சைல்ட் இஸ் திஸ்’ மெட்டில் சி-யா, சி ஷார்ப்பா?

மார்த்தாண்டம் கீபோர்டு:
எங்கள் சபையில் கேரல் சர்வீஸுக்கு இந்தப் பாட்டு, ஈ மைனரில். முதல் வரி மேலே ஏறுகிற இடத்தில் சோப்ரானோ (உச்சக் குரல்) அக்காமார் சி ஷார்ப் பாடுகிறார்கள். என் புத்தகத்தில் வெறும் சி. சேர்ந்து வந்தால் காது கூசுகிறது. குயர் மாஸ்டரிடம் கேட்டால், “ரெண்டும் சரிதான், ஒண்ணைப் பிடி” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எதைப் பிடிக்க?

நாகர்கோவில் வயலின்:
தம்பி, என் ஓட்டு அக்காமாருக்கு.

இது ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’ என்கிற பழைய இங்கிலாந்துப் பாட்டின் மெட்டு. தன்னைக் கைவிட்டவளிடம் ஒருவன் புலம்புகிற பாட்டு. 1580-இல் லண்டனில் அச்சுக்குப் பதிவானது. வில்லியம் டிக்ஸ் கிறிஸ்துமஸ் வரிகள் எழுதியது 1865-இல்தான்.

ஈ-யை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பார்: ச க ம ப த ப ம ரி நி ச ரி. அந்த ‘த’தான் உங்கள் சண்டை. சதுஸ்ருதி தைவதம், அதாவது சி ஷார்ப் என்றால் டோரியன் என்கிற பழைய மேற்கத்திய ஸ்கேல், நம் கரகரப்பிரியா. சுத்த தைவதம், அதாவது வெறும் சி என்றால் நடபைரவி. இத்தனைக்கும் அது ‘ப’வை இழுத்துவிட்டுத் தொட்டுப் போகிற துளி ஸ்வரம்!

நிஷாதத்தையும் கவனி. மேலே சொன்ன ‘நி’ கைசிகி, டி. அடுத்து க ச ச நி ச ரி நி ப என்று வரும்போது காகலி, டி ஷார்ப். ஒரே வரிக்குள் ரெண்டும். காரணம் அடியில் ஓடுகிற கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டங்கள்: ஈ மைனர், டி, ஈ மைனர், பி. இத்தாலியிலிருந்து வந்த வாய்ப்பாடு அது. டி கார்டு டி-யைக் கேட்கும், பி கார்டு டி ஷார்ப்பைக் கேட்கும். பல்லவியில் ஈ மைனருக்குப் பதில் ஜி-யில் தொடங்குவதால்தான் அங்கே திடீரென்று வெளிச்சம் வருகிறது. ஆக, ஒரு ராகத்துக்குள் இதை அடைக்கப் பார்க்காதே.

இப்போது இரண்டாவது வரியின் முடிவைப் பார்: க ரி ச நி த நி ச. காகலி நிஷாதத்துக்கு நடுவே வருகிற ‘த’ உன் புத்தகத்திலும் சி ஷார்ப்பாகத்தான் இருக்கும். அங்கே சி வைத்தால் கீரவாணி ராக வாசம் அடித்துவிடும். கீழே ஷார்ப், மேலே சாதா என்று மாற்றிப் பாடுகிறவர்களும் உண்டு, தப்பில்லை. எனக்கு அது கொஞ்சம் அழுமூஞ்சியாகக் கேட்கும்.

அப்புறம், வால்ட்ஸ் ரிதம் போட்டுத் தொலைக்காதே. இது 6/8. ரெண்டு பெரிய அடி, ஒவ்வொன்றிலும் திஸ்ரம், அதாவது மூன்று எண்ணிக்கை.

குளச்சல் பேஸ்:
எட்டாம் ஹென்றி ராஜா போட்ட மெட்டு என்பார்களே அண்ணே?

நாகர்கோவில் வயலின்:
கதை. அவர் 1547-இலேயே இறந்துவிட்டார். இந்தக் கார்டு பாணி இங்கிலாந்துக்கு வந்தது அதற்குப் பிறகு.

மார்த்தாண்டம் கீபோர்டு:
பார்த்தேன் அண்ணே, வரி முடிவில் ஷார்ப் அச்சாகி இருக்கிறது. அப்போ ஆல்டோவில் (பெண்களின் கீழ்க்குரலில்) வருகிற சி எல்லாவற்றையும் மாற்றணுமா?

நாகர்கோவில் வயலின்:
சோப்ரானோவின் சி ஷார்ப்போடு மோதுகிற இடத்தில் மட்டும் மாற்று. கடைசியில் ஏ மைனர் கார்டில் ஆமென் போடுவீர்கள் என்றால், அந்த சி அப்படியே கிடக்கட்டும்.