சேவே பாலஸ்டிரோஸ்: மாமா சொன்ன கதை நிஜமா?

உவரிக்கரை:

எங்கள் மாமா இருபது வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு இப்போது உவரியில் வீட்டோடு இருக்கிறார். சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்தால் ஒரு துறைமுகம் விடாமல் கதை வரும், அதில் பாதியை நாங்கள் நம்புவதில்லை. போன வாரம் என் மகன் மணலில் செல்லாங்குச்சி அடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் ஸ்பெயினில் சாண்டாண்டர் துறைமுகத்தில் கேட்ட கதையை ஆரம்பித்துவிட்டார். விரிகுடாவுக்கு அக்கரையில் ஒரு சின்ன ஊராம், அங்கே ஒரு விவசாயி மகன் ஒரே ஒரு கோல்ஃப் மட்டையை வைத்துக் கடற்கரையிலேயே அடித்துப் பழகிப் பெரிய சாம்பியன் ஆனானாம், ராத்திரி நிலா வெளிச்சத்தில் பணக்காரர்கள் ஆடுகிற மைதானத்துக்குள் யாருக்கும் தெரியாமல் புகுந்து ஆடுவானாம். பெயர் சேவே பாலஸ்டிரோஸ். கோல்ஃப் என்றாலே காரில் வந்து இறங்குகிறவர்கள் சமாச்சாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது நிஜமா, இல்லை மாமா விடுகிற சரடா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

கோவில்பட்டி ஹாக்கிக்காரன்:

மாமாவைச் சந்தேகப்படாதீர்கள், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஊர் பெயர் பெட்ரேன்யா. 1957 ஏப்ரலில் பிறந்தவர். மூத்த அண்ணன்மார் மூன்று பேரும் கோல்ஃப் ஆட்டக்காரர்கள், தாய்மாமன் ரமோன் சோட்டா 1965இல் அமெரிக்காவின் பெரிய போட்டியான மாஸ்டர்ஸில் ஆறாவதாக வந்தவர், அதனால் வீட்டுக்கு ஆட்டம் புதிதில்லை. ஆனால் அந்த ஊர் கிளப் மைதானத்தில் இவர் வேலை, ஆட வருகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பது. நினைத்த நேரம் ஆட அனுமதி கிடையாது, அதனால்தான் அந்த நிலா வெளிச்சம்.

அண்ணன் மனுவேல் கொடுத்த மட்டை 3 அயர்ன். இதுதான் விஷயமே. கோல்ஃபில் ஒருவர் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றின் முகமும் ஒவ்வொரு சாய்வு. 3 அயர்ன் முகம் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும், பந்து தாழ்வாக நெடுந்தூரம் போகும். மணலில் கிடக்கிற பந்தைத் தூக்கி எடுக்க அது ஆகவே ஆகாது, அதற்கென்று நன்றாகச் சாய்ந்த தனி மட்டை உண்டு. இந்தப் பையனிடம் வேறு இல்லையே, அதனால் மட்டை முகத்தை மல்லாத்திப் பிடித்து, கையை இளக்கி, பத்து மட்டை செய்கிற வேலையை அந்த ஒன்றிலேயே செய்யக் கற்றுக்கொண்டார். பெரிய ஆளான பிறகும் மணல் பள்ளத்திலிருந்து 3 அயர்னில் எடுத்துக் காட்டுவார், பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

எனக்கு இது நன்றாகப் புரியும். பள்ளிக்கூடத்தில் எங்கள் ஐந்து பேருக்கு உருப்படியாக இருந்தது ஒரு ஹாக்கி ஸ்டிக், அதுவும் நுனி தேய்ந்து சைக்கிள் டியூப் சுற்றியது. அதில் ஸ்கூப், அதாவது பந்தைக் கிளப்பித் தூக்கி எறிவது, எடுக்கப் பழகினவனுக்கு அப்புறம் எந்த ஸ்டிக்கைக் கொடுத்தாலும் பயமிருக்காது.

வண்ணாரப்பேட்டை:

கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கைப் பாருங்கள். மேஜர் என்கிற நாலு பெரிய போட்டிகளில் வாங்கிய பட்டம் அமெரிக்கக்காரர்கள் ஜாக் நிக்லாஸ் 18, டைகர் உட்ஸ் 15, இவர் 5. அதிலும் முதல் பட்டம் பந்தை கார் நிறுத்துகிற இடத்தில் அடித்துவிட்டு வாங்கியது. அதிர்ஷ்டம் என்று சொன்னால் எல்லோருக்கும் கோபம் வருகிறது.

தென்காசிச் சாரல்:

வண்ணாரப்பேட்டை அண்ணாச்சி, கார் விஷயம் நடந்ததுதான். 1979 பிரிட்டிஷ் ஓபன், ராயல் லிதம் மைதானம், கடைசி நாள் 16ஆவது குழி. பந்து வலப்பக்கம் வெகுதூரம் போய் கார்கள் நின்ற இடத்தில் விழுந்தது. விதிப்படி தள்ளி வைத்து ஆட விட்டார்கள், அங்கிருந்து குழி இருக்கிற பச்சைத் தரைக்கு ஏற்றி, அடுத்த தட்டில் குழிக்குள் போட்டார். காற்றைப் பார்த்து வேண்டுமென்றேதான் அந்தப் பக்கம் அடித்தேன் என்று பிற்பாடு சொன்னார், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஜெயித்தது மற்றவர்களைவிட மூன்று மட்டையடி குறைவாக ஆடி, பின்னால் நின்ற இருவரில் ஒருவர் நீங்கள் சொன்ன அதே நிக்லாஸ். அதற்கும் முன்னால் 1976இல், 19 வயதில், அதே ஓபனில் மூன்று நாள் முன்னணியில் நின்று கடைசியில் நிக்லாஸோடு சேர்ந்து இரண்டாம் இடம்.

லிதமில் ஜெயித்த அடுத்த வருஷமே, 1980இல், மாஸ்டர்ஸ். அதை வென்ற முதல் ஐரோப்பியர் இவர்தான். பிறகு 1983இல் மறுபடி மாஸ்டர்ஸ், 1984இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓபன், 1988இல் திரும்பவும் அதே லிதமில் கடைசி நாள் 65 அடியில் ஆட்டத்தை முடித்து ஓபன். ஐரோப்பியச் சுற்றுப் போட்டிகளில் மட்டும் 50 பட்டம், அதை இன்னும் யாரும் தொடவில்லை.

குறையே இல்லாத ஆள் என்று சொல்ல வரவில்லை. 1980 யுஎஸ் ஓபனில் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு வந்து சேராமல் தகுதி நீக்கமானார்! 1986 மாஸ்டர்ஸில் முன்னணியில் இருந்தபோது 15ஆவது குழியில் பந்தைத் தண்ணீரில் போட்டார், ஜெயித்தது 46 வயது நிக்லாஸ். முதுகு வலி வேறு சின்ன வயதிலிருந்தே. 38 வயதில், 1995இல் ஸ்பானிஷ் ஓபன் வென்றதோடு சரி, அதற்குப் பிறகு பட்டமே இல்லை.

ஆனால் இவரை மேஜர் எண்ணி அளக்கிறதில் எனக்கு உடன்பாடில்லை. ரைடர் கோப்பை என்கிற அணிப் போட்டியைப் பாருங்கள். 1979 வரை அமெரிக்காவுக்கு எதிரே பிரிட்டன், அயர்லாந்துக்காரர்கள் மட்டும்தான், பெரும்பாலும் அடிதான் வாங்குவார்கள். அந்த வருஷம்தான் ஐரோப்பா முழுவதையும் சேர்த்தார்கள், உள்ளே வந்த முதல் இரண்டு பேரில் சேவே ஒருவர். 1985இல் கோப்பை கைமாறியது, 1957க்குப் பிறகு முதல் தடவை. 1987இல் அமெரிக்க மண்ணிலேயே ஜெயித்தார்கள், அதுவும் அதுவரை நடக்காதது. இன்னொரு ஸ்பெயின்காரர் ஒலாசாபலும் இவரும் ஜோடியாக ஆடிய 15 ஆட்டத்தில் 11 வெற்றி, இரண்டே தோல்வி. 1997இல் ஸ்பெயினிலேயே போட்டி நடந்தபோது இவர் கேப்டன், சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டு மைதானம் முழுக்கச் சுற்றி ஒவ்வொருவரிடமும் போய் இப்படி அடி, அப்படி அடி என்று பிடுங்கி எடுத்தாராம், ஆனாலும் ஜெயித்தார்கள்.

2008இல் மாட்ரிட் விமான நிலையத்தில் மயங்கி விழுந்தார், மூளையில் கட்டி. 2011 மே மாதம் பெட்ரேன்யா வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார், வயது 54.

இன்னொன்று, பெயரை பாயெஸ்தெரோஸ் என்று சொன்னால் அவர்கள் உச்சரிப்புக்குப் பக்கத்தில் வரும். ஸ்பானிய மொழியில் இரண்டு எல் சேர்ந்தால் கிட்டத்தட்ட நம்ம ய.

வண்ணாரப்பேட்டை:

ரைடர் கோப்பை விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். கார் விஷயத்தில் மட்டும் மாறமாட்டேன்.

உவரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மொத்தத்தையும் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். பாயெஸ்தெரோஸ் என்றதும் "நான் அப்பவே அப்படித்தானலே சொன்னேன்" என்று ஒரு பொய். சாண்டாண்டர் விமான நிலையத்துக்கு இப்போது அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நானே தேடிப் பார்த்துச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அக்கரைக்குப் படகில் போக அன்றைக்கு நேரமிருந்தும் போகாமல் கப்பலுக்குத் திரும்பிவிட்டதைச் சொல்லி, இன்னும் அதே வருத்தம்.

என் மகன் செல்லாங்குச்சியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வளைந்த கம்பைத் தேடிக்கொண்டிருக்கிறான். கோவில்பட்டி அண்ணாச்சி, உங்களிடம் உடைந்த ஸ்டிக் ஏதாவது கிடக்குமா?

கோவில்பட்டி ஹாக்கிக்காரன்:

ரெண்டு கிடக்கிறது தம்பி. நுனி தேய்ந்தது ஒன்று, பிடி கீறினது ஒன்று. அடுத்த வாரம் திருச்செந்தூர் வருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்ததைப் பையனுக்குக் கொடுங்கள், மற்றது மாமாவுக்கு.