வின்னிபெக்கில் முதல் குளிர்காலம்: ஹாக்கி ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கேள்வி: நான் குன்னூரைச் சேர்ந்தவள். கனடாவின் வின்னிபெக்கில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அடுத்த வாரம் அலுவலகத்தில் எல்லோரும் ஜெட்ஸ் அணியின் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். டிக்கெட் விலை எனக்கு இரண்டு வார மளிகைச் செலவு. விளையாட்டும் புரியாது. இந்தக் குளிரில் இரவு பஸ்ஸுக்கு நிற்கவும் பயமாக இருக்கிறது. ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கிவிடலாமா? நீலகிரிக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: ஒதுங்காதீர்கள் தங்கை, போய் வாருங்கள்.

நான் கோத்தகிரிக்காரன். வின்னிபெக்கில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இப்போது விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இன்று காலை வாசலில் நின்ற ஸ்கூட்டரின் இருக்கையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. "இதைவிடவா உங்கள் ஊரில் குளிர்?" என்று அம்மா கேட்டார். ஜனவரி இரவில் மைனஸ் 20 சாதாரணம், சில நாள் மைனஸ் 30 என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. எனக்கோ அவர் 'உங்கள் ஊர்' என்றதுதான் மனதில் நின்றது. வின்னிபெக்கை நான் என் ஊர் என்று முதலில் நினைத்தது ஒரு ஹாக்கி ஆட்டத்தின் இரவில்தான்.

முதல் குளிர்காலத்தில் வேலை, அறை, மளிகைக் கடை என்று மூன்று இடங்களுக்குள்ளேயே சுற்றினேன். மனம்விட்டுப் பேசியதெல்லாம் தொலைபேசியில், கோத்தகிரியோடு மட்டும். பிப்ரவரியில், உடன் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் மிஞ்சிய டிக்கெட்டுக்கு என்னை அழைத்தார். மறுக்கக் கூச்சப்பட்டுத்தான் போனேன்.

தேசிய கீதம் பாடும்போது 'ட்ரூ நார்த்' என்ற இரண்டு சொற்கள் வரும் இடத்தில் அரங்கம் முழுவதும் ஒரே குரலில் கத்தியது. திடுக்கிட்டுவிட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். 1996-இல் இந்த ஊரின் ஜெட்ஸ் அணியை அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 15 ஆண்டுகள் ஊருக்கு என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) அணியே கிடையாது. 2011-இல் அட்லாண்டாவில் இருந்த அணியை ட்ரூ நார்த் என்ற உள்ளூர் நிறுவனம் வாங்கிக் கொண்டுவந்து, பழைய பெயரையே சூட்டியது. அந்த நன்றியைத்தான் ஒவ்வொரு ஆட்டத்திலும் கத்திச் சொல்கிறார்கள். 1996-ஐப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரல் கம்மியது. ஊரின் துக்கம் ஒன்றை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மறுநாள் அலுவலகத்தில் நான்கு பேர் என் மேசைக்கு வந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். நீங்கள் செலவழிக்கப்போகும் பணத்துக்கு எனக்குத் தெரிந்த நியாயம் இதுதான்.

விளையாட்டு புரியாது என்கிறீர்கள். 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வில்லையைத்தான் அடிக்கிறார்கள். மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன், ஏறக்குறைய 170 கிராம். துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக அதை உறைய வைத்து எடுத்து வருவார்கள். முதல் பத்து நிமிடம் அது உங்கள் கண்ணுக்கே தெரியாது. இங்கே நம் மலை அனுபவம் கைகொடுக்கும். பள்ளி மைதானத்தில் ஹாக்கி ஆடும்போது மேகம் இறங்கிவிட்டால் பந்தைத் தேடமாட்டோம். எதிரில் இருப்பவனின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்போம். அங்கேயும் அப்படியே செய்யுங்கள். பக்கை விட்டுவிட்டு ஆட்களைப் பாருங்கள். எல்லோரும் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ, பக் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும்.

நீங்களும் பள்ளியில் ஹாக்கி மட்டை பிடித்திருந்தால் சில வேறுபாடுகளைத் தெரிந்துகொண்டால் போதும். நம் ஆட்டத்தில் மட்டையின் தட்டைப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம்; அங்கே இரண்டு பக்கமும் செல்லும். கோலுக்குப் பின்னாலும் ஆட்டம் தொடரும். கோல்கீப்பரோடு சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர். முக்கால் நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்க வெளியேறுவார்கள். ஆட்டம் நிற்காமலே அடுத்தவர்கள் உள்ளே குதிப்பார்கள். எதிரணிப் பக்கம் பனியில் போட்டிருக்கும் நீலக்கோட்டைப் பக் தாண்டுவதற்கு முன் தாக்கும் அணி வீரர் தாண்டினால் ஆப்சைடு. முரட்டுத்தனமாக ஆடுவது போன்ற தவறு செய்தவர் பெரும்பாலும் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஓர் ஆள் கூடுதலாக ஆடும் எதிரணிக்கு அதுதான் பவர் பிளே. அப்போது அரங்கத்தின் சத்தமே மாறும். கைகலப்பு நடந்தால் இருவரையும் ஐந்து நிமிடம் உட்கார வைப்பார்கள். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரிக்கும். எனக்கு அது இன்றும் பிடிக்காது. நீங்களும் உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். கடிகாரத்தை அடிக்கடி நிறுத்துவதால் எல்லாம் முடிய இரண்டரை மணி நேரம் ஆகும். இடைவேளையில் சாப்பாட்டு வரிசைக்கு உடனே ஓடாதீர்கள். சாம்போனி என்ற பெரிய வண்டி வந்து, கீறல் விழுந்த பனியைச் சீவி, மேலே வெந்நீர் தெளித்து மெழுகிக்கொண்டே போகும். பார்த்துக்கொண்டிருந்தால் மனம் அமைதியாகும். சாப்பாட்டில் ஓர் எச்சரிக்கை: பூட்டின் என்று உருளைக்கிழங்கு வறுவலின் மேல் ஊற்றித் தரும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். வெறும் வறுவல் கேட்டாலும் தருவார்கள்.

குளிர் விஷயத்தில் ஊட்டி மார்க்கெட்டில் வாங்கிய கம்பளிக் கையுறையை நம்பாதீர்கள். கம்பளிக்குள் காற்று நுழைந்துவிடும். மேலே காற்றுப் புகாத உறை வேண்டும். டிக்கெட் கைபேசியில்தான் இருக்கும். கடுங்குளிரில் வெளியே எடுத்தால் பேட்டரி சட்டென்று அணைந்துவிடும், ஆகவே உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். அரங்கத்துக்குள் ஸ்வெட்டர் போதும். நகர மையத்தின் கட்டடங்களை இணைக்கும் மூடிய மேல்நடைபாதை அரங்கம் வரை வருகிறது. ஆட்டம் முடியும் நேரத்தில் அது திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது உங்கள் பக்கம் கார் ஓட்டிப் போகிறவர் யார் என்று அலுவலகத்தில் நேராகவே கேளுங்கள். அந்த ஊரில் மைனஸ் 25-இல் ஒருவரை பஸ் நிறுத்தத்தில் விட்டுப்போக யாருக்கும் மனம் வராது.

இந்த மாதம் பணம் உண்மையிலேயே முடியாது என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லிவிட்டு, மானிடோபா மூஸ் ஆட்டத்துக்கு வாருங்கள் என்று நீங்கள் அவர்களை அழையுங்கள். ஜெட்ஸுக்கு ஆட்களைத் தயார்செய்யும் இளைய அணி அது. அதே கனடா லைஃப் சென்டர் அரங்கம், அதே பனி, டிக்கெட் மட்டும் மிகவும் மலிவு.

கேள்வி: நானும் வின்னிபெக்தான், சொந்த ஊர் ஊட்டி. ஆறு வயது மகனை அழைத்துப் போகலாமா? பக் பறந்து வந்து பட்டுவிடுமோ என்று பயம்.

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள் அக்கா. 2002-இல் அமெரிக்காவில் பக் பட்டு ஒரு சிறுமி இறந்த பிறகு, கோல்களுக்குப் பின்னால் உயரமான வலை கட்டுவதைக் கட்டாயமாக்கினார்கள். அந்த வலைக்குப் பின்னால் இடம் பாருங்கள். பக்கவாட்டில், கீழ் வரிசைகளில் உட்கார்ந்தால் ஆட்டம் நடக்கும்போது கைபேசியைப் பார்க்கக் கூடாது. கோல் விழுந்தால் ஊதும் சங்கு மிகப் பெரிய சத்தம். பிள்ளைக்குக் காது மூடி கட்டாயம். மூஸ் ஆட்டங்கள் வார இறுதியில் பகலிலும் நடக்கும், அவனுக்கு அதுவே நல்லது.

குன்னூர்த் தங்கை: அண்ணா, டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசை அக்கா காரில் கொண்டுவந்து விடுகிறாராம். ஜெட்ஸ் சட்டை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், அது இன்னும் விலை. ஏப்ரலில் கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றுக்கு அணி தகுதி பெற்றால் மட்டும் வெள்ளையாக ஏதாவது தேவைப்படும். 1987-இல் எதிரணியான கால்கரியின் ரசிகர்கள் சிவப்பில் வந்ததற்குப் பதிலடியாக வின்னிபெக் முழுவதும் வெள்ளை உடுத்தி வந்தது. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. முதல்முறை பார்த்தபோது எனக்குக் கோத்தகிரிப் பக்கத்துப் பேரகணி கிராமம்தான் நினைவுக்கு வந்தது. ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படுகர்கள் ஆயிரக்கணக்கில் வெள்ளை உடுத்தி அந்தச் சரிவில் கூடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பண்டிகை அடுத்த வாரம். பக்கத்து வீட்டாரோடு நானும் போகிறேன். உங்களுக்கும் ஒரு வெள்ளைச் சால்வை வாங்கி வைக்கிறேன். ஜனவரி கடைசியில் திரும்புவேன்.