ஜப்பானிய வினிகர்ப் பதார்த்தங்களைக் கற்க எதிலிருந்து தொடங்கலாம்?

நகோயாவாசி:
அனைவருக்கும் வணக்கம். ஜப்பானிய வீடுகளில் அன்றாடம் பரிமாறப்படும் வினிகர் சேர்த்த பதார்த்தங்களின் மீது, நகோயாவுக்குக் குடிவந்த பிறகு எனக்குப் பெரும் ஈடுபாடு ஏற்பட்டிருக்கிறது. வெள்ளரிக்காய் சுனோமோனோ, புத்தாண்டுக்குச் செய்யும் முள்ளங்கி கேரட் நமாசு, பொரித்த மீனை ஊறவைக்கும் நன்பன்சுகே, சுஷிச் சோறு ஆகியவற்றை முறையாகக் கற்க விரும்புகிறேன். கடையிலோ அரிசி வினிகர், தானிய வினிகர், கருப்பு வினிகர், இனிப்பும் உப்பும் முன்பே கலந்த சுஷி வினிகர் எனப் பல புட்டிகள் இருக்கின்றன. எதை வாங்குவது, எதில் தொடங்குவது? நல்ல உணவகத்தின் சுனோமோனோவில் புளிப்பு தொண்டையைப் பிடிப்பதில்லை. அந்த மென்மை எப்படி வருகிறது என்பதையும் அறிய ஆவல்.

கன்சாய் அடுக்களை:
வணக்கம். வெள்ளரிக்காய் சுனோமோனோவிலேயே தொடங்குங்கள். மற்றவற்றுக்குத் தேவையான பழக்கங்கள் அனைத்தும் அதில் அடங்கியிருக்கின்றன. வெள்ளரியைக் கண்ணாடிபோல் மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்புத் தூவிப் பிசறி, பத்து நிமிடம் வைத்தால் நீர் பிரிந்து வில்லைகள் துவளும். அவற்றைக் கையில் அள்ளி, சொட்டு நிற்கும்வரை பிழிய வேண்டும். அதன்பின் சிறிதளவு வினிகரைத் தெளித்துப் புரட்டி, அதையும் பிழிந்து கொட்டிவிடுவது ‘சு அராய்’ எனப்படும். வீண் செலவுபோல் தோன்றினாலும் இதை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் காயில் எஞ்சிய நீர் இதனால் வெளியேறுவதால், பின்னர் ஊற்றும் கலவை நீர்த்துப்போகாமல் தன் சுவையிலேயே நிற்கும்.

கலவைக்குப் பழைய முறை ‘சன்பைசு’: வினிகர், சோயா சாஸ், சமையலுக்கான இனிப்பு அரிசி மதுவான மிரின் மூன்றும் சம அளவு. இன்றைய வீடுகளில் மிரினுக்குப் பதிலாகச் சர்க்கரை சேர்த்து, சோயாவைக் குறைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் கேட்ட மென்மைக்குக் காரணம் பெரும்பாலும் தாஷிதான். கொம்பு என்னும் கடற்பாசியும் சூரை மீனைப் புகையிட்டு உலர்த்திச் சீவிய கட்சுவோபுஷியும் சேர்ந்து தரும் அந்தச் சாற்றை வினிகருடன் கலந்து ஒரு கொதி விட்டு ஆறவைத்தால், புளிப்பின் முனை மழுங்கி, அடியில் ஒரு சுவை நிற்கும். இதுவே ‘தோசாசு’. எந்தக் கலவையானாலும் பரிமாறும் நேரத்தில்தான் காயோடு சேர்க்க வேண்டும்.

நமாசு இதற்கு நேர்மாறானது. ஒரு நாள் ஊறினால்தான் சுவை கூடும். கேரட்டின் நிறம் மேலோங்கிவிடாதபடி முள்ளங்கியைவிட அதை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அரிசி வினிகர் ஒன்று போதும். சுஷி வினிகர் புட்டியையும் வாங்கிக்கொண்டால் தொடக்கத்தில் வேலை எளிதாகும்.

ஹண்டா கால்வாய்:
முந்தைய பதிவில் சுஷி வினிகர் பற்றிய கருத்தைத் தவிர மற்ற அனைத்தும் எனக்கு உடன்பாடே. கற்க வருபவர் கலந்த புட்டியை வாங்கினால், எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை என்பது கைக்குப் பழகாமலே போய்விடும். 300 கிராம் அரிசிக்கு ஏறத்தாழ 50 மில்லி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு என்று தொடங்கி, உங்கள் சுவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். சோறு சூடாக இருக்கும்போதே ஊற்றுங்கள். ஆறிய சோறு வினிகரை உள்வாங்காது. துடுப்பால் கிண்டாமல், வெட்டுவதுபோல் குறுக்கே போட்டுப் புரட்டி, விசிறிக்கொண்டே இருந்தால், மேலீரம் உலர்ந்து பருக்கைகள் குழையாமல் பளபளக்கும்.

நகோயாவில் இருப்பவர் அருகிலுள்ள ஹண்டாவுக்கு அவசியம் சென்று பார்க்க வேண்டும். 1804இல் சாக்கே என்னும் அரிசி மது வடிப்பவரான நகானோ மடாசேமோன் அங்கே தொடங்கிய தொழில்தான் இன்றைய மிட்ஸ்கான் வினிகர் நிறுவனம். சாக்கே பிழிந்த பின் எஞ்சும் மண்டியிலிருந்து அவர் செய்த வினிகர் கப்பலேறி எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து சுஷிக்காரர்களைச் சென்றடைந்தது. அந்தச் செந்நிற வினிகரைச் சில சுஷிக் கடைகள் இன்றும் விரும்பிப் பயன்படுத்துகின்றன. கருப்பு வினிகரின் கதை வேறு: ககோஷிமாவின் ஃபுகுயாமாவில் அரிசியும் கோஜியும் (பூஞ்சை வளர்த்த தானியம்) நீரும் இட்ட மண்ஜாடிகளை வெயிலிலும் மழையிலும் ஓராண்டுக்கு மேல் திறந்தவெளியில் வைத்துப் புளிக்கவிடுகிறார்கள். அதன் மணம் அழுத்தமானது. மென்மையான சுனோமோனோவுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

நகோயாவாசி:
இருவருக்கும் உளமார்ந்த நன்றி. அரிசி வினிகரை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். கானாங்கெளுத்தியை உப்பிலும் வினிகரிலும் ஊறவைக்கும் ஷிமேசாபாவை வீட்டில் செய்யலாமா?

கன்சாய் அடுக்களை:
செய்யலாம்; ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். கானாங்கெளுத்தியில் அனிசாகிஸ் என்னும் புழு இருக்கக்கூடும், அது உப்புக்கும் வினிகருக்கும் சாவதில்லை. மீனின் நடுப்பகுதிவரை மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்திற்குக் குறையாமல் உறைந்திருக்க வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டிகள் பலவும் அந்த அளவை எட்டாததால், அவ்வாறு உறையவைத்து விற்கப்படும் மீனையே கேட்டு வாங்குங்கள். அதுவரை நன்பன்சுகேயைச் செய்து பாருங்கள்: சிறிய அஜி (பாறை வகை) மீன்களில் மாவு தடவி மொறுமொறுவெனப் பொரித்து, எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு தாஷி, வினிகர், சோயா, சர்க்கரை, வெங்காயம், காய்ந்த மிளகாய் சேர்ந்த கலவையில் போட வேண்டும். முள்ளும் மெல்ல மென்மையாகிவிடும்; மறுநாள் குளிர்ச்சியாகவே பரிமாறலாம்.